பெயர் வரும்வரை காத்திருக்கும் டோலக்

பெரம்பூர்ப் பக்கம் சங்கு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று ஆலைச் சங்கு. 1856-லிருந்து இங்கே ரயில்வே பணிமனை இருக்கிறது. 1876-இல் பக்கிங்காம் ஆலை, 1881-இல் கர்னாடிக் ஆலை; இரண்டும் சேர்ந்து ஊர் வாயில் பின்னி மில் ஆயின. 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு வந்து ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். ஷிப்டு மாறும் சங்கைக் கேட்டு உலை வைத்த வீடுகள் இந்தப் பகுதி முழுக்க இருந்தன. இன்னொன்று சாவுச் சங்கு. இந்த இரண்டு சங்குக்கும் இடையில் வாழ்ந்து முடித்த உழைப்பாளிகளுக்காகப் பிறந்த சாவு வீட்டுப் பாட்டுதான் மரண கானா. அதுவும் கவிதைக்குப் பின்னால் இசை சேர்க்கும் கலைதான்.

கவிதையைச் சொல்லும்போது பின்னால் இசை சேர்ப்பது தமிழில் எங்கே தொடங்கியது என்று கேட்டால், பலரும் சினிமாவைத்தான் சொல்வார்கள். 1997-இல் வந்த ‘இருவர்’ படத்தின் இசைத்தட்டில் வைரமுத்துவின் வரிகளை அரவிந்த்சாமி பேச, ஏ.ஆர்.ரகுமான் பின்னணி அமைத்திருப்பார். அதற்கும் முன்னால் 1991-இல் ‘குணா’வில் வாலி எழுத, இளையராஜா ஒரு கடிதத்தையே பாட்டாக்கியிருப்பார். இரண்டும் எனக்குப் பிடித்தவை. ஆனால் அந்தக் கலையின் பிறந்த வீடு என்று நான் கைகாட்டுவது பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு, ஓட்டேரி சந்துகளில் இரவு முழுக்க விளக்கெரியும் சாவு வீட்டுப் பந்தலைத்தான்.

அங்கே பாட்டு எப்படி உருவாகிறது என்று பாருங்கள். கானா பாடுபவர் வந்ததும் முதலில் விசாரிக்கிறார். இறந்தவர் பேர் என்ன, தெருவில் எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், எந்த ஷாப்பில் வேலை, பிள்ளைகள் எத்தனை பேர், கூட்டாளிகள் யார் யார். அரை மணி நேரத்தில் கேட்டு வாங்கிய இந்த விவரங்கள்தான் அன்றைக்கான கவிதை. தெரிந்த மெட்டு ஒன்று கையில் இருக்கும். சினிமா மெட்டாகவும் இருக்கலாம், பழைய கானா மெட்டாகவும் இருக்கலாம். வரிகளில் பல அந்தப் பந்தலிலேயே பிறப்பவை. அடுத்த வரி என்னவென்று பாடுபவருக்கே முழுசாகத் தெரியாதபோது, பக்கத்தில் டோலக் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

காத்திருப்பார். அங்கேதான் அந்தக் கலை இருக்கிறது.

தொடக்க வரிகளுக்குத் தாளம் கிடையாது. கச்சேரியில் விருத்தம் பாடுவதுபோல நீட்டிப் பாடுவார்கள். புல்புல் தாராவோ கீபோர்டோ சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். டோலக்காரர் கை தோலின் மேல் படிந்திருக்கும், அடிக்காது. வரி சுற்றிச் சுற்றி வந்து இறந்தவர் பேரில் விழும். அந்தப் பேர் மேலேதான் முதல் அடி. பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் உடம்பு குலுங்குவது அந்த நொடியில்தான். பிறகு நடை எடுக்கும். வரிக்கும் வரிக்கும் நடுவே பாடுபவர் அடுத்த சொல்லைத் தேடும் இடத்தை டோலக் நிரப்பும். வீட்டுக்குள்ளிருந்து பெண்களின் அழுகை எழுந்தால் கை தானாகத் தணியும். அழுகைக்கு வழிவிடத் தெரியாதவர் அந்தப் பந்தலில் வாசிக்க முடியாது.

தூரத்தில் ஒரு ஒப்புமை இருக்கிறது. கப்பல் உடைந்து செத்துவிட்டதாக ஊர் நம்பிய மாலுமி பல வருடம் கழித்துத் திரும்பி வருவதை ‘ஈனக் ஆர்டன்’ என்று நெடுங்கவிதையாக எழுதினார் டென்னிசன். 1897-இல் ரிச்சர்டு ஸ்ட்ராஸ் அதை ஒருவர் வாசிக்க, தான் பியானோ வாசிப்பதற்காக இசை எழுதினார். அதில் பியானோ பெரும்பகுதி சும்மா இருக்கும். தேவையான இடத்தில் மட்டும் வந்து தொட்டுவிட்டுப் போகும். 1958-இல் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் தன் கவிதைகளை ஜாஸ் இசையோடு வாசித்து இசைத்தட்டுக்குப் பதிவுசெய்தார். அதில் ஒரு பக்கத்துக்கு இசை சார்லஸ் மிங்கஸ். சும்மா இருக்கும் இடம்தான் பின்னணி இசையின் உயிர் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஸ்ட்ராஸ் கையில் அச்சடித்த கவிதை இருந்தது. நம் டோலக்காரர் கையில் பாடுபவரின் மூச்சு மட்டும்தான்.

இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒற்றை ஊற்றைச் சொல்ல முடியாது. இறந்தவரைப் பாடும் கவிதைக்குக் கையறுநிலை என்று பழைய இலக்கணம் துறையே வகுத்து வைத்திருக்கிறது. இரங்கலுக்கு விளரிப் பண், சாவுக்கு நெய்தற் பறை என்று தனித்தனியாகப் பிரித்து வாசித்த மண் இது. கிராமத்து ஒப்பாரியில் பெண்கள் மார்பில் அடித்துக்கொள்வதே தாளம். அந்த ஒப்பாரியும் பறையும், செங்கல்பட்டு, வடஆர்க்காடு பக்கமிருந்து ஆலைக்கும் துறைமுகத்துக்கும் பணிமனைக்கும் வேலை தேடி வந்த ஒடுக்கப்பட்ட மக்களோடு சேர்ந்தே பட்டணம் வந்தன. இன்னொரு பக்கம், தொண்டிக்கு அருகிலிருந்து வந்து வடசென்னையில் தங்கி 1838-இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு. அங்கேயே அவர் தர்கா இருக்கிறது. அவருடைய பாடல்களையும் சித்தர் பாடல்களையும் கானாவின் வேராகச் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. பாடுபவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கருவிகள் வந்த வழி இன்னும் விசேஷம். புல்புல் தாராவின் முன்னோடி 1912-இல் ஜப்பானின் நகோயா நகரில் மொரிட்டா கோரோ என்பவர் செய்த தைஷோகோட்டோ. தட்டச்சுப் பொறி மாதிரி கட்டைகளை ஒரு கையால் அழுத்தி, மறு கையால் கம்பியை மீட்ட வேண்டும். கடல் கடந்து வந்து இங்கே பேர் மாறி, குரு இல்லாமல் கற்றுக்கொள்ளக்கூடிய எளிய கருவியாக ஏழைகளின் மடியில் உட்கார்ந்தது. டோலக் வடக்கிலிருந்து வந்தது. அதன் தடித்த பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தி இழுத்தால் ஒலி வளையும், தேம்பல் மாதிரி. நாலு பேர் நெருங்கி உட்காரும் சந்துக்கு அந்த அளவுள்ள கருவிதான் பொருந்தும். அதுவும் இல்லாத நாளில் தீப்பெட்டியும் தகரமும் போதும்.

பந்தலிலிருந்து இது மெல்ல வெளியே வந்தது. 2014-இல் பா.இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடிய சாவுப் பாட்டு, வடசென்னையைப் பார்த்தேயிராத ஊர்களிலும் ஒலித்தது. 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதல்முறையாக மேடை ஏறியது. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கட்டிய குழு. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியில்லாத் தமிழர் என்ற சொல்லிலிருந்து எடுத்த பேர். பறை, சட்டி, கட்ட மோளம், டோலக் எல்லாம் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் சமமாக நின்றன. அந்த மேடையில் பாடிய ராயபுரத்து இசைவாணியை 2020-இல் பி.பி.சி. தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. ஆண்கள் பந்தலில் கானா பாட, பெண்கள் உள்ளே ஒப்பாரி வைத்த காலம் நீண்டது. அதனால் ஒரு பெண் கானா பாடுவதை நான் புதுமை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் இருந்த பாதி வெளியே வந்து மறுபாதியோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

ஒரு வருத்தம் மட்டும் தீரவில்லை. சாவு வீட்டுக் கானாக்கள் இப்போது செல்போனில் பதிவாகி ஆயிரக்கணக்கானோர் கேட்கிறார்கள். பாடியவர் பேர் பெரிய எழுத்தில் இருக்கும். வாசித்தவர் பேர் பல பதிவுகளில் இருப்பதே இல்லை. வரி தெரியாமல், ஒத்திகை இல்லாமல், அழுகையின் நடுவே ஒரு கவிதைக்கு இசை அமைத்துக் கொடுத்தவர் அவர். அவரை நான் பக்கவாத்தியக்காரர் என்று சொல்ல மாட்டேன். இசையமைப்பாளர் என்றே சொல்வேன்.

அடுத்த முறை அப்படி ஒரு பந்தலில் நீங்கள் உட்கார நேர்ந்தால், நடு இரவில் டீ வரும்போது, டோலக் வாசிக்கும் அண்ணனிடம் போய்ப் பேரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாட்டைப் பதிவேற்றும்போது அந்தப் பேரையும் சேர்த்துப் போடுங்கள்.