தீர்வை நீங்கியும் நீங்காத தடை: ஐரோப்பிய எல்லைகள் தரும் பாடம்

பண்டங்கள் மீதான தீர்வையை ஒழித்துவிட்டால் வர்த்தகம் தடையின்றி நடைபெறும் என்பது பலரிடையே நிலவும் நம்பிக்கையாகும். மேற்கு ஐரோப்பாவின் அனுபவம் இந்நம்பிக்கையின் குறைபாட்டைத் தெளிவாக உணர்த்துகின்றது.

1957இல் கைச்சாத்திடப்பட்ட உரோம் உடன்படிக்கையின்படி ஆறு நாடுகள் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை அமைத்தன. தம்மிடையே நிலவிய சுங்கத் தீர்வைகளை அவை, குறித்த தவணைக்கு ஒன்றரை ஆண்டு முன்னதாகவே, 1968 யூலை 1இல் நீக்கின. ஆயினும், எல்லைச் சாவடிகள் அகற்றப்படவில்லை. லொறிகள் முன்போலவே வரிசையில் நின்றன.

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, மறைமுக வரி. ஏற்றுமதிப் பண்டத்துக்குப் பெறுமதி சேர் வரியினின்று விலக்களிக்கப்பட்டது. பண்டம் புகும் நாடு தன் வீதப்படி அதனை அறவிட்டது. பண்டம் எல்லை கடந்தமைக்குச் சாவடியின் முத்திரையே சான்றாயிற்று. இரண்டாவது, நாணய மதிப்பு மாற்றங்களை ஈடுசெய்யும்பொருட்டு 1969 முதல் விவசாயப் பண்டங்கள் மீது எல்லையிற் கணக்கிடப்பட்ட ஈட்டுத் தொகைகள். மூன்றாவது, நோய்த்தடுப்புப் பரிசோதனைகளும் புள்ளிவிபரத் தேவைகளும். ஆகவே, தீர்வை ஒழிந்தும் சுங்க அதிகாரியின் வேலை ஒழியவில்லை.

1984 பெப்ரவரியில் இத்தாலிய, பிரெஞ்சுச் சுங்க ஊழியரின் தொழிற் போராட்டத்தால் அல்ப்சு மலைப் பாதைகளிலே தேங்கிநின்ற லொறிச் சாரதிகள், பிரான்சின் நெடுஞ்சாலைகளை மறித்தனர். அதே ஆண்டு யூலையில் பிரான்சும் மேற்கு ஜேர்மனியும் சார்புறூக்கன் நகரில் எல்லைச் சோதனைகளைத் தளர்த்த உடன்பட்டன. 1985இல் கொக்ஃபீல்ட் பிரபுவின் வெள்ளை அறிக்கை ஏறத்தாழ 300 நடவடிக்கைகளை முன்வைத்து, 1992 முடிவைத் தவணையாக விதித்தது. 1988 சனவரியில், எழுபது வரையான படிவங்களின் இடத்தைத் தனியொரு நிர்வாக ஆவணம் பெற்றது. 1993 சனவரி 1இல், உறுப்பு நாடுகளிடையே செல்லும் பண்டங்களுக்கு அதுவும் தேவையற்றதாயிற்று.

சோதனை இதனால் மறைந்துவிடவில்லை. எல்லையிலிருந்து வணிகரின் கணக்கேட்டுக்கு இடம் மாறியது. இம்மாற்றத்தாற் சுங்க முகவர் பல்லாயிரவர் தொழிலிழந்தனர். வரியை வாங்குவோரிடம் பெற்று, அரசுக்குச் செலுத்தாது மறையும் மோசடிக் கும்பல்களும் பெருகின. எளிமைப்படுத்தலுக்கும் ஒரு விலையுண்டு என்பதை மறத்தலாகாது.

இப்பாடத்தின் மறுபக்கம் 2021 சனவரி 1இல் வெளிப்பட்டது. அன்று பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சந்தையினின்று நீங்கியது. இரு தரப்பிலும் உற்பத்தியாகும் பண்டங்களுக்குத் தீர்வையில்லை என ஒப்பந்தம் இருந்தும், சுங்கப் பிரகடனங்களும் நோய்த்தடுப்புச் சான்றிதழ்களும் மீண்டன.

எனவே, எல்லைத் தடையின் வேர் தீர்வையில் மட்டுமன்று. ஒரு நாட்டின் சான்றை மறுநாடு நம்பாமையிலும் உள்ளது. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதனை ஏற்றுள்ளது. படிவங்களைக் குறைப்பது அதன் தொடக்கமே. நம்பத்தகுந்த நிர்வாகத்தைக் கட்டியெழுப்புவதே அதன் கடினமான பகுதியாகும்.