சாவி யாரிடம்?

ஜெர்மனி தேசத்தில் ஹாம்பர்க் நகருக்குத் தெற்கே லூனபர்க் என்று ஒரு பழைய ஊர். ஒரு காலத்தில் உப்பு விற்றே செல்வத்தில் கொழித்த ஊர் அது. 1985-ம் ஆண்டில் அங்கே மார்க்கோ போரிஸ் என்ற பதினாறு வயதுப் பையன் 'ஸ்டார் டிவிஷன்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தான். அவன் விற்ற சரக்கு 'ஸ்டார்ரைட்டர்' என்ற எழுத்து மென்பொருள். பின்னாளில் கணக்குத் தாள், படம் வரையும் கருவி எல்லாம் அதனோடு சேர்ந்து 'ஸ்டார் ஆபீஸ்' ஆயிற்று.

1999-ல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. வாங்கிய காரணம் வேடிக்கையானது. சன் கம்பெனியில் அப்போது சுமார் 42,000 ஊழியர்கள். அத்தனை பேருக்கும் மைக்ரோசாஃப்ட்டிடம் உரிமம் வாங்குவதைவிட, இப்படி ஒரு கம்பெனியையே வாங்கிவிடுவது மலிவு என்று கணக்குப் போட்டார்களாம். அங்கே பணிபுரிந்த ஒருவரே பிற்பாடு இதைச் சொல்லியிருக்கிறார். பால் விலை கட்டுபடியாகவில்லை என்று மாட்டையே வாங்கிய கதைதான்!

வாங்கிய மாட்டைச் சன் தன் கொட்டிலிலேயே கட்டி வைத்துக்கொள்ளவில்லை. 2000 அக்டோபரில் மூல நிரலை உலகத்துக்குத் திறந்துவிட்டது. 'ஓபன் ஆபீஸ்' பிறந்தது. யாரும் நிரலைப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமப் பத்திரத்தில் எழுதியிருந்தது.

பத்து ஆண்டுகள் சென்றபின் அந்தப் பத்திரம்தான் கை கொடுத்தது. 2010 ஜனவரியில் சன் கம்பெனி ஆரக்கிள் வசமாயிற்று. புதிய எஜமானரிடம் நம்பிக்கை வராத தொண்டர்கள் செப்டம்பர் 28-ந் தேதி தனிக் குடித்தனம் போனார்கள். பழைய பெயரைத் தரும்படி கேட்டார்கள், கிடைக்கவில்லை. 'லிப்ரே ஆபீஸ்' என்று புதுப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். 2012-ல் பெர்லினில் அவர்களுடைய அறக்கட்டளை பதிவாயிற்று. பெயர் போயிற்றே ஒழியப் பொருள் போகவில்லை. 2011-ல் ஆரக்கிள் பழைய பெயரை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தபோது, வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் புது வீட்டில் குடியேறியாகிவிட்டது.

கம்பெனிகளின் இந்தக் குடும்பச் சண்டை ஆராய்ச்சி மாணவனுக்கு எதற்கு என்று கேட்கலாம். ஐந்தாறு வருஷம் உழைத்து எழுதிய ஆய்வேடு, இருபது வருஷம் கழித்துத் திறக்குமா என்பதுதான் விஷயம். வேர்ட் மென்பொருளின் பழைய கோப்பு வடிவத்தின் முழு விவரம் 2008-ல்தான் எல்லோருக்கும் தாராளமாகக் கிடைத்தது. லிப்ரே ஆபீஸ் தன் கோப்புகளைச் சேமிக்கும் திறந்த வடிவமோ 2006-லேயே சர்வதேசத் தரமாகிவிட்டது. அந்தக் கோப்பு ஒரு சிறிய மூட்டை. முடிச்சை அவிழ்த்தால் எழுத்து எழுத்தாகவே உள்ளே இருக்கும். நாளைக்கு லிப்ரே ஆபீஸே மறைந்தாலும் வாசகம் மறையாது. தமிழில் ஆய்வு செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி எழுத்துரு விற்ற நாட்களில் தட்டச்சு செய்த பக்கங்கள், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்ததை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

மாறுவதில் தொல்லையே இல்லை என்று சொல்வதற்கில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் வேர்டில் திருத்தி அனுப்புவார். அட்டவணை நகரும், பக்கம் புரளும். ஆகவே ஆய்வேட்டின் கடைசி மாதத்தில் மாறுவது புத்திசாலித்தனம் அல்ல. முதல் அத்தியாயத்திலேயே மாறுவது நல்லது. தலைப்புகளைக் கையால் பெரிதாக்காமல், மென்பொருள் தரும் பாணிகளைக் கொண்டு அமைத்தால் பொருளடக்கம் தானாக வரும். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-ல் தோன்றிய 'ஸொட்டெரோ' என்ற இலவசக் கருவி, மேற்கோள் விவரங்களை இதனுள்ளேயே வரிசைப்படுத்தித் தரும். மூலப் பிரதியைத் திறந்த வடிவத்தில் வைத்துக்கொண்டு, பேராசிரியருக்கு அவர் கேட்கும் வடிவத்தில் ஒரு நகல் அனுப்பினால் போதும்.

காசு மிச்சமாவது ஏழை மாணவனுக்குச் சிறிய விஷயம் அல்ல. ஆனால் லிப்ரே என்ற சொல்லுக்குச் சுதந்திரம் என்றே பொருள். இலவசம் என்று அல்ல. எழுதியவன் வீட்டுச் சாவி எழுதியவனிடமே இருக்க வேண்டும் அல்லவா?