மலையக இலக்கியம்

19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்ட தொழிலாளர், அவர்தம் வழித்தோன்றல்கள் ஆகியோரின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட தமிழ் இலக்கியப் பிரிவு. கவிதை, சிறுகதை, நாவல் ஆகியன இதன் முதன்மை வடிவங்கள். தாலாட்டு, ஒப்பாரி, தொழிலாளரை மேற்பார்வையிட்ட கங்காணியின் கொடுமையைச் சொல்லும் பாட்டு முதலிய வாய்மொழி மரபே இதன் வேர். அப்பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) ஆங்கிலத்திலும் எழுதினார்.

இம்மக்களின் அடையாளச் சிக்கல் கூர்மையடைந்தது அரசியலால். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேருக்கு இந்தியக் குடியுரிமையும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமையும் வழங்க வகைசெய்தது. ஒரே குடும்பத்தினர் கடலுக்கு இருபுறமும் பிரிந்தனர். ஊர், சாதி, குலதெய்வம் பற்றிய மூதாதையர் நினைவும், பிறந்த மண்ணிலேயே அயலாராக நடத்தப்பட்ட அனுபவமும் இவ்வெழுத்தில் பிரிக்க முடியாதவாறு பிணைந்துள்ளன. தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசைக் குடியிருப்பான லயன் அறை இவ்வெழுத்தில் வெறும் பின்புலமாக நிற்பதில்லை. அதன் நெருக்கடியே உறவுகளைத் தீர்மானிக்கிறது.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ நாவலும், என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் (1934–2022) ‘நாமிருக்கும் நாடே’ ஆகிய சிறுகதைத் தொகுதிகளும் குறிப்பிடத்தக்கவை.