படச்சுருளிலிருந்து திறந்த நிகழ்பட வடிவத்துக்கு: திருச்சிராப்பள்ளி – திருவரங்கம் சார்ந்த ஆவண வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் நகரும் படத்தின் வரலாறு திருச்சிராப்பள்ளியோடு நெருங்கிய தொடர்புடையது. அவ்வரலாற்றின் தொடக்ககாலச் சான்றுகளுள் பெரும்பகுதி இன்று கிடைக்கவில்லை. ஒரு பதிவு நிலைப்பதும் அழிவதும் அதன் பொருளால் மட்டுமன்றி, அது பதியப்பெற்ற வடிவத்தின் தன்மையாலும் தீர்மானிக்கப்படுகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். 1905 முதல் இன்று வரையிலான வடிவ மாற்றங்களை வரலாற்று முறையில் தொகுத்து, திருவரங்கத்து அரையர் சேவைப் பதிவுகளை முன்னிறுத்தி, கட்டற்ற குறியாக்கக் கருவிகளின் ஆவணப் பயன் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திருச்சிராப்பள்ளி, சாமிக்கண்ணு வின்சென்ட், அரையர் சேவை, திறந்த வடிவம், குறியாக்கம், ஆவணக்காப்பு.

முன்னுரை

ஓலைச்சுவடி சிதையும் முன் படியெடுத்து வைத்தல் தமிழ் மரபு. படியெடுப்போன் எழுத்தை அறிந்திருந்தால் சுவடி அடுத்த தலைமுறையைச் சென்றடையும். எழுத்து வடிவமே மறக்கப்பட்டால், ஓலை சிதையாமல் இருந்தும் நூல் வாசிக்கப்படாது. நகரும் படத்துக்கும் இது பொருந்தும். அதில் ‘எழுத்து’ என்பது படச்சுருளின் அகலம், துளைகளின் அமைப்பு, எண்முறைக் கோப்பின் குறியீட்டு விதி ஆகியவையாகும். தமிழ்த் திரைப்பட வரலாற்றாய்வுகள் படைப்பாளர், கதை, அரசியல் ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ள அளவுக்கு இவ்வடிவ வரலாற்றைப் பேசவில்லை.

1905: திருச்சிராப்பள்ளியில் ஒரு திரையீட்டுக் கருவி

தென்னிந்திய இரயில்வேயில் திருச்சிராப்பள்ளியில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகப் படம் காட்டிவந்த டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1905 ஆம் ஆண்டில் திரையீட்டுக் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படமும் ஒன்று. பணியைத் துறந்து, கூடாரம் அமைத்துப் பல ஊர்களில் படம் காட்டினார். பின்னர் பாதே நிறுவனக் கருவிகளின் விற்பனை முகவராகவும் செயற்பட்டார். 1914 இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை நிறுவினார்.

வின்சென்ட்டின் முயற்சியைத் தனிமனித ஊக்கத்தின் கதையாகவே கூறுவது வழக்கம். அதற்குத் துணைநின்ற தொழில்நுட்பச் சூழலும் கருதத்தக்கது. ஒரு நாட்டில் செய்த கருவியில் வேறொரு நாட்டின் படச்சுருளை ஓட்ட முடிந்தாலன்றி ஊர்சுற்றும் படக்காட்சித் தொழில் நிலைபெற்றிருக்காது. தொடக்கத்தில் இவ்வொருமை முழுமையாக இல்லை. லூமியேர் சகோதரர்களின் சுருளில் ஒரு படச்சட்டத்துக்குப் பக்கத்துக்கு ஒரு வட்டத் துளை இருந்தது. எடிசன் முறையிலோ பக்கத்துக்கு நான்கு துளைகள். 1909 இல் பாரிஸில் கூடிய படத்தயாரிப்பாளர் மாநாட்டில் 35 மி.மீ. அகலச் சுருள் பொது அளவாக ஏற்கப்பட்டது.

காப்புரிமத் தடையும் அதன் வீழ்ச்சியும்

அளவு பொதுவாயிற்று, ஆயினும் அதனைப் பயன்படுத்தும் உரிமை பொதுவாகவில்லை. 1908 இன் இறுதியில் எடிசன் தலைமையில் அமெரிக்காவில் உருவான காப்புரிமக் கூட்டமைப்பு, தன் உரிமம் பெற்ற கருவிகளில் தன் உறுப்பினரின் படங்களை மட்டுமே ஓட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. 1917 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்நிபந்தனையைச் செல்லாது என்றது. கருவியின் காப்புரிமத்தைக் கொண்டு, அக்கருவியில் ஓடும் படத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் இணைய நிகழ்படத் துறையில் எழுந்த வழக்காடல்களின் மையமும் இதனை ஒத்ததே.

இழப்பின் அளவு

பொது அளவு இருந்தும் படங்கள் ஏன் அழிந்தன? முதற்காரணம் பொருள். செல்லுலோசு நைட்ரேட்டு எளிதில் தீப்பற்றும். வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் விரைந்து சிதையும். இரண்டாவது காரணம் படிகளின் குறைவு. 1931 இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ இன்று காணக்கிடைக்கவில்லை. தென்னிந்திய மௌனப் படங்களுள் எஞ்சிய மிகச் சிலவற்றுள் ஒன்று ‘மார்த்தாண்ட வர்மா’ (1933). பதிப்புரிமை வழக்கால் திரையரங்குகளிலிருந்து மீட்கப்பட்டு, நூல் வெளியீட்டாளரிடம் முடங்கிக் கிடந்த அப்படம், 1974 இல் இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது. அது தப்பியதற்குத் திட்டமிட்ட காப்புமுறை காரணமன்று; தற்செயலே. எனினும் அதன் சுருள் 35 மி.மீ. அளவினதாக இருந்தமையால், நாற்பது ஆண்டுக்குப் பின்னும் அதனை ஓட்டவும் படியெடுக்கவும் இயன்றது. பொருள் தப்பியது தற்செயல். படிக்க முடிந்தது வடிவத்தின் பயன்.

எண்முறைக் காலத்தில் வடிவப் போட்டி

எண்முறைக் கோப்பில் மூன்று கூறுகளைப் பிரித்தறிதல் வேண்டும்: படத்தைச் சுருக்கும் குறியீட்டு முறை (கோடெக்), ஒலியைச் சுருக்கும் குறியீட்டு முறை, இரண்டையும் நேர ஒழுங்கில் பிணைக்கும் கொள்கலன். ‘வெப்எம்’ என்பது கொள்கலனின் பெயர். அதனுள் விபி8, விபி9, ஏவி1 ஆகியவற்றுள் ஒன்று படத்துக்கும், வோர்பிஸ் அல்லது ஓப்பஸ் ஒலிக்கும் அமையும்.

2000 இல் ஃபேப்ரிஸ் பெல்லார்டு தொடங்கிய எஃப்எஃப்எம்பெக், இன்று பெரும்பாலான நிகழ்படக் கருவிகளுக்கு அடித்தளமாக உள்ள கட்டற்ற மென்பொருள். ஆன்2 நிறுவனம் வெளிப்படுத்திய விபி3 முறையிலிருந்து சைஃப் அறக்கட்டளை தியோரா என்னும் உரிமத்தொகையற்ற முறையை வளர்த்தது, அதன் 1.0 பதிப்பு 2008 இல் வெளிவந்தது. மறுபுறம், 2003 இல் வரையறுக்கப்பட்ட எச்.264 தரத்தில் மேம்பட்டதாயினும் காப்புரிமத் தொகுப்புக்கு உட்பட்டிருந்தது. 2010 இல் ஆன்2 நிறுவனத்தைக் கையகப்படுத்திய கூகுள், விபி8 குறியீட்டு முறையையும் வெப்எம் கொள்கலனையும் உரிமத்தொகையின்றி வெளியிட்டது. விபி9 2013 இலும், பல நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய ஏவி1 2018 இலும் வெளிவந்தன.

இப்போட்டி அறிவுப் பொதுவெளியையும் தொட்டது. விக்கிமீடியா பொதுவகம் எம்பி4 வடிவத்தை ஏற்கலாமா என்னும் வினா 2014 இல் பயனர் சமூகத்தின் முன் வைக்கப்பட்டபோது, காப்புரிமத் தளை உள்ள வடிவத்தை ஏற்பதில்லை என்று முடிவு செய்யப்பட்டது. இதனால் கைப்பேசியில் எடுத்த காட்சியை அங்குச் சேர்க்க விரும்புவோர் அதனைத் திறந்த வடிவத்துக்கு மாற்றியாக வேண்டியதாயிற்று. தொடக்கநிலைப் பங்களிப்பாளருக்கு அது சுமையே. ஆயினும் கோப்பைத் திறப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவைப்படாத நிலை காக்கப்பட்டது.

திறந்த வடிவமும் வழக்கொழியும் என்பதை மறுப்பதற்கில்லை. தியோராவுக்கான ஆதரவைக் கூகுள் குரோம் உலாவி விலக்கிக்கொள்வதாக 2023 இல் அறிவிக்கப்பட்டது. எனினும் தியோராவின் வரையறை பொதுவில் உள்ளது. அதனை வாசிக்கும் நிரலும் பொதுவில் உள்ளது. ஆகவே பழைய தியோராக் கோப்பை இன்றும் வேறு வடிவத்துக்கு மாற்றலாம். மூடிய வடிவங்கள் பலவற்றையும் எஃப்எஃப்எம்பெக் வாசிக்கிறது; அவற்றுள் பல, வரையறை வெளியிடப்படாமையால் ஆர்வலர்கள் கோப்புகளை ஆராய்ந்து மீட்டெடுத்தவை. திறந்த வடிவத்தில் அம்மீட்பு உழைப்பு தேவையில்லை.

திருவரங்கத்து அரையர் சேவை: ஒரு சோதனைக்களம்

மார்கழி – தை மாதங்களில் நிகழும் அத்யயன உற்சவத்தில், பகல்பத்தின்போது அர்ச்சுன மண்டபத்திலும் இராப்பத்தின்போது ஆயிரங்கால் மண்டபத்துத் திருமாமணி மண்டபத்திலும் நம்பெருமாள் எழுந்தருளுவார். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தப் பாசுரங்களை அரையர்கள் இசையோடு பாடி, அபிநயித்து, வியாக்கியானமும் சொல்வர். குறிப்பிட்ட குடும்பங்களில் வழிவழியாகக் கற்பிக்கப்பெறும் இக்கலை இன்று திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, திருவில்லிபுத்தூர் முதலிய மிகச் சில தலங்களில் மட்டுமே நிலவுகிறது. எழுத்தில் பாசுரம் நிற்கும்; கைமுத்திரையும் தாளமும் நில்லா. எனவே நிகழ்படப் பதிவு இங்கு இன்றியமையாச் சான்று.

இத்தகைய நிகழ்ச்சியின் பதிவில் குறியாக்கத் தேர்வுகள் சான்றின் மதிப்பையே மாற்றக்கூடும். முதலாவது, அசைவு. இந்தியாவில் வழங்கிய பால் முறை ஒளிப்பதிவில் நொடிக்கு 25 சட்டங்கள், ஒவ்வொன்றும் இரண்டு அரைப்புலங்களாக, 50 கணங்களைத் தாங்கும். இணையத்துக்கு மாற்றுகையில் 25 சட்டங்களாகக் குறைத்தால் கையசைவின் பாதிக் கணங்கள் மறையும். அரைப்புலம் ஒவ்வொன்றையும் முழுச்சட்டமாக விரித்து நொடிக்கு 50 சட்டங்களாக்கினால் அவை காக்கப்படும். அபிநய ஆய்வாளருக்கு இவ்வேறுபாடு பெரிது. இரண்டாவது, ஒலி. கூர்மையாக எழும் தாள ஒலியை மிகையாகச் சுருக்கும்போது, ஒலிக்கு முன்னரே மங்கலான இரைச்சல் படரும். தாளத்தின் எடுப்பு கலங்கும். மூன்றாவது, ஒளி. விளக்கொளி மட்டும் உள்ள மண்டபத்தில் படத்தின் இருள்பகுதியில் புள்ளி இரைச்சல் மிகும். குறைந்த துணுக்கு வீதத்தில் அப்பகுதி கட்டம் கட்டமாகச் சிதையும். நான்காவது, உருவ விகிதம். 720 × 576 அளவுள்ள பழைய பதிவின் படப்புள்ளிகள் சதுரமல்ல. 4:3 விகிதத்தைக் கோப்பில் குறிக்காது விட்டால் உருவங்கள் மெலிந்து தோன்றும். திருவரங்கத்து இராசகோபுரமும் உள்ளதைவிட ஒடுங்கியே காட்சிதரும்.

ஆகவே காப்புப் படியும் பார்வைப் படியும் வேறாதல் வேண்டும். ஒப்புமை முறை நாடாவிலிருந்து எடுக்கும் ஒரு மணி நேரப் படம் சுருக்கமின்றி ஏறத்தாழ 75 ஜிகாபைட்டு ஆகும். எஃப்எஃப்வி1 என்னும் இழப்பற்ற குறியீட்டு முறை ஒரு துணுக்கையும் இழக்காமல் அதனைக் கணிசமாகக் குறைக்கிறது. இதன் வரையறை 2021 இலும், மட்ரோஸ்கா கொள்கலனின் வரையறை 2024 இலும் இணையப் பொறியியல் பணிக்குழுவால் வெளியிடப்பட்டன. மினிடிவி நாடாவிலோ தரவு ஏற்கெனவே எண்முறையில் சுருக்கப்பெற்றிருப்பதால், மணிக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட்டு அளவுள்ள அந்த ஓடையை அப்படியே எடுத்துவைத்தலே முறை. இவற்றிலிருந்து நொடிக்கு ஒரு மெகாபிட்டு அளவில் வெப்எம் பார்வைப் படி செய்தால் மணிக்கு 450 மெகாபைட்டு போதும். பார்வைப் படியிலிருந்து மீண்டும் படியெடுத்தல் கூடாது. ஒவ்வொரு மறுகுறியாக்கமும் இழப்பைக் கூட்டும். சமூக ஊடகத்தில் ஏற்றி மூலத்தை அழித்துவிடும் இன்றைய வழக்கம், படிந்த படியை வைத்துக்கொண்டு சுவடியை ஆற்றில் விடுவதற்கு ஒப்பானது.

வடிவத் திறப்பும் உள்ளடக்க உரிமையும்

வடிவம் திறந்தது என்பதால் உள்ளடக்கமும் பொதுவாகிவிடாது. 1957 ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்தின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். திருச்சிராப்பள்ளியில் வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ (1944) இக்கணக்கில் 2004 இறுதியோடு பொதுவுடைமை ஆகிறது. அரையர் சேவையின் நிலை வேறு. பாசுரம் தொன்மையானது, நிகழ்த்துவோர் இன்றைய கலைஞர். 1994 ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநர் உரிமையை ஏற்றுள்ளது. அதற்கு மேலும், கருவறை மரபின் வரம்பை மதிப்பது ஆய்வாளரின் கடமை. பதிவை அனைவருக்கும் காட்டாமலும் திறந்த வடிவத்தில் காக்கலாம். நிகழ்த்துவோரும் கோயிலும் வரையறுக்கும் அணுக்கத்தோடு, எக்காலத்தும் வாசிக்கத்தக்க கோப்பாக வைத்தலே இங்குப் பொருந்தும் நெறி.

முடிவுரை

1905 இல் திருச்சிராப்பள்ளியில் ஒரு கருவி கைமாறியபோது, படம் யாருக்கும் உரியதாகலாம் என்னும் வாய்ப்புத் தமிழகத்தில் பிறந்தது. அக்காலப் படங்களை இழந்ததற்குச் சிதையும் பொருளும் படிகளின் குறைவும் காரணமாயின. இன்று படிகளுக்குக் குறைவில்லை. மூலத்தைப் பேணாமையும் மறுகுறியாக்க இழப்புமே இடர்கள். திருச்சிராப்பள்ளி வட்டாரப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தத்தம் துறைகளில் உள்ள ஒளிநாடாக்களைக் கணக்கெடுத்து, நாடா இயக்கிகள் செயற்படும் காலத்திலேயே இழப்பற்ற திறந்த வடிவத்துக்கு மாற்றுதல் உடனடித் தேவை. இதற்கான மென்பொருளுக்கு விலையில்லை. தேவைப்படுபவை சேமிப்பகமும் பயிற்சியும் ஆகும். தமிழியல் ஆய்வில் சுவடிப் பதிப்புப் பயிற்சி பெற்றுள்ள இடத்தை நிகழ்பட ஆவணப் பயிற்சியும் பெறுமாயின், அடுத்த தலைமுறை ஆய்வாளர் அரையரின் கையசைவைக் குறிப்புகளின் வழியாக ஊகிக்க வேண்டியிராது. நேரிற் கண்டு ஆராயலாம்.