புழு ஒன்றுதான்... ஆனால் சிலருக்கு மட்டும் யானைக்கால் வருவது ஏன்? - விளக்கம்

ஒரே தெரு, ஒரே கொசு, ஒரே புழு. ஒருத்தருக்கு கால் தூண் மாதிரி வீங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ரத்தத்திலும் அதே புழுவின் குஞ்சுகள் இருக்கும். ஆனால் வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. ஏன் இப்படி?

யானைக்காலைப் பரப்புவது கியூலெக்ஸ் கொசு. தருமபுரி பக்கம் இண்டூரோ, சென்னையோ, சாக்கடை தேங்கினால் அது வந்துவிடும். கடி வழியாக வரும் புழு நிணநீர்க் குழாய்களில் போய்த் தங்கும். ஆனால் கால் வீங்குவதில் புழுவுக்கு மட்டுமல்ல, நம்ம உடம்பின் எதிர்ப்பு சக்திக்கும் பங்கு உண்டு.

இரண்டு வகை டி செல்

டி செல் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. இதில் 'டிஎச்17' அழற்சியைக் கிளப்பும். கிருமியை விரட்ட அதுவும் வேண்டும்தான். 'போதும், நிறுத்து' என்று அடக்குவது 'ட்ரெக்' செல். இந்த ட்ரெக் தொடர்பான கண்டுபிடிப்புகளுக்குத்தான் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், எதிரும் புதிருமான இந்த இரண்டையும் உருவாக்குவதில் ஒரே வளர்ச்சிக் காரணிக்குப் பங்கு இருக்கிறது. அதன் பெயர் டிஜிஎஃப் பீட்டா. புது டி செல்லின் ஏற்பியில் இது வந்து ஒட்டினால், 'ஸ்மாட்' என்ற புரதங்கள் செல்லின் கருவுக்குள் போய் ஃபாக்ஸ்பி3 மரபணு இயங்க உதவும். செல் ட்ரெக் ஆகிவிடும். அதே நேரத்தில் இன்டர்லூகின்-6 கூட இருந்தால் கதையே மாறிவிடும். 'ஸ்டாட்3' என்ற புரதம் விழித்து, செல்லை டிஎச்17 பக்கம் தள்ளும்.

2006-ல் எலிகளில் இதைக் காட்டிய குழுக்களில் ஒன்று, ஹார்வர்டில் உள்ள விஜய் குச்ரூவுடையது. ஹரியானாவின் ஹிசாரில் கால்நடை மருத்துவம் படித்தவர் அவர்.

இன்டர்லூகின்-6 என்ற பெயர் புதுசாகத் தோன்றலாம். கொரோனா இரண்டாம் அலையில் பல குடும்பங்கள் தேடி அலைந்த டோசிலிசுமாப் ஊசி, இதன் சிக்னலைத் தடுக்கும் மருந்துதான்.

யானைக்காலில் என்ன நடக்கிறது?

சுபாஷ் பாபு உள்ளிட்ட ஆய்வாளர்கள், சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்துடன் சேர்ந்து செய்த ஆய்வு 2009-ல் வெளியானது. கால் வீங்கியவர்களின் ரத்த செல்களில் புழுவின் புரதங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். புழு இருந்தும் வீங்காதவர்களைவிட, இவர்களிடம் டிஎச்17 பக்கம் கூடியிருந்தது. ஃபாக்ஸ்பி3-யும் டிஜிஎஃப் பீட்டாவும் குறைந்திருந்தன. முதலில் கெட்டது இந்தச் சமநிலையா, காலா என்பதை இது மட்டும் சொல்லிவிடாது.

அப்போ டிஜிஎஃப் பீட்டாவையே ஊசியாகப் போடலாமே? அது அவ்வளவு சுலபமில்லை. இன்டர்லூகின்-6 இருக்கும் இடத்தில் அழற்சி கூடலாம். திசுவைத் தழும்பாக இறுக வைப்பதும் இதே காரணிதான்.

அரசு இலவசமாகத் தரும் டிஇசி, அல்பெண்டசோல் மாத்திரைகள் ரத்தத்தில் உள்ள புழுக் குஞ்சுகளைக் குறைத்து, நோய் பரவுவதைத் தடுக்கும். ஏற்கெனவே வீங்கிய காலை அவை பழையபடி ஆக்காது. அதற்கு தினமும் சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்குவரை ஈரம் போகத் துடைக்க வேண்டும். விரல் இடுக்குப் புண் வழியாக பாக்டீரியா நுழைந்தால் காய்ச்சலோடு அழற்சி மறுபடி கிளம்பும். ஒவ்வொரு முறையும் வீக்கம் இன்னும் கூடும்.