தௌலதாபாத் கற்பித்த பாடம்

சென்ற டிசம்பரில் நானும் என் மனைவியும் மகாராஷ்டிரத்தில் நான்கு நாள் யாத்திரை சென்று வந்தோம். கூட்டத்தோடு ஓட இந்த வயதில் கால் ஒத்துழைக்காது என்பதால் ஒரு கார், ஒரு வழிகாட்டி என்று தனியாகவே ஏற்பாடு. ஔரங்காபாத்தில் (2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர்) தங்கினோம். எல்லோரா கைலாசநாதர் கோவிலை நம் அங்கத்தினர்கள் பலரும் தரிசித்திருப்பீர்கள். நான் எழுத வந்தது, போகிற வழியில் பார்த்த தௌலதாபாத் கோட்டையைப் பற்றி.

கல்லூரியில் ஜியாலஜி படித்தவன் நான். அதனால் முதலில் கண்ணில் பட்டது கல்தான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் பிளவுகள் வழியே தீக்குழம்பு மீண்டும் மீண்டும் பொங்கி, அடுக்கடுக்காகப் படிந்து உறைந்தது. இன்றும் அது சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. மலைகளெல்லாம் படிக்கட்டு கட்டி வைத்தாற்போல் தெரிவது இதனால்தான்.

யாதவ மன்னர்கள் தங்கள் தேவகிரிக்குத் தேர்ந்தெடுத்தது அப்படிப்பட்ட ஒரு தனி மலையை. அதன் அடிப்பக்கத்தைச் சுவர் போலச் செங்குத்தாகச் செதுக்கி, பாறையிலேயே அகழி வெட்டியிருக்கிறார்கள். மேலே போக ஓர் இருட்டுச் சுரங்கப் பாதைதான் வழி. 1296-இல் அலாவுதீன் கில்ஜி இங்கே படையெடுத்து வந்தார். 1327-இல் முகமது பின் துக்ளக் இதற்கு தௌலதாபாத் என்று பெயரிட்டுத் தலைநகராக்கினார்.

துக்ளக் என்றாலே நமக்குச் சிரிப்பு வரும். சோ அவர்களின் 1968 நாடகத்துக்கு முன்பும் பின்பும், தலைகால் புரியாத உத்தரவு எதுவானாலும் அதற்கு 'துக்ளக் தர்பார்' என்றுதான் பெயர். என் 35 வருட சர்க்கார் உத்தியோகத்தில் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

கோட்டையைப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு வரவில்லை. அன்று சாம்ராஜ்யம் மதுரை வரை நீண்டிருந்தது. டில்லியிலிருந்து தெற்கை ஆள்வது கடினம். தேவகிரியோ நடுவில் இருக்கிறது, பாதுகாப்பும் உண்டு. டில்லி முழுவதையும் காலி செய்யவில்லை, பிரபுக்களையும் உலமாக்களையும் அவர்களைச் சார்ந்தவர்களையும்தான் அனுப்பினார் என்று இன்றைய சரித்திர ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். கோப்பில் வந்திருந்தால் நானும் சிபாரிசு செய்துதான் கையெழுத்திட்டிருப்பேன்!

வழிகாட்டி ஒரு பெரிய குளத்தைக் காட்டினார். அப்போது என் மனைவி கேட்டாள்: "ஏன்னா, அத்தனை ஜனம் வந்து இறங்கினாளே, தண்ணிக்கு என்ன பண்ணினா?"

சுருக்கென்றது. இந்தக் கல் நீரை உறிஞ்சாது. மழை குறைந்த பிரதேசம் வேறு. அடுக்குகளின் இடையிலும் விரிசல்களிலும் நிற்கும் நீர்தான் நிலத்தடி நீர். தலைநகர் நிலைக்காமல் போனதற்கு மனக்கசப்பு, வடக்கு எல்லையின் தூரம் என்று பல காரணங்கள் உண்டு. தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் அவற்றோடு சேர்த்துச் சொல்வார்கள். சில வருடங்களிலேயே பலரும் டில்லி திரும்ப நேர்ந்தது. 1335 வாக்கில் மதுரையும் கைவிட்டுப் போயிற்று.

சுருக்கென்றதற்குக் காரணம் உண்டு. எண்பதுகளில் எங்கள் பிரிவு அலுவலகம் ஒன்று வேறு ஊருக்கு மாற்றப்பட்டது. கோடையில் குடிதண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து ஊழியர் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு வருடத்தில் உத்தரவு ரத்தாயிற்று. 'மேலிடத்துத் துக்ளக் தர்பார்' என்று நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தக் குறிப்பை எழுதியவன் நான். வாடகை, தூரம், ரயில் வசதி எல்லாம் அதில் இருந்தது. தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் ஔரங்காபாத்தில் நீர்க் கால்வாயின் மிச்சங்களைப் பார்த்தோம். அபிசீனியாவிலிருந்து அடிமையாக வந்து, அகமத்நகர் அரசின் பிரதம மந்திரியாக உயர்ந்த மாலிக் அம்பர், 1610-இல் கட்கி என்ற பெயரில் அமைத்த ஊர் இது. மலையடிவார ஊற்று நீரைத் தரைக்கடியில் ஊருக்குக் கொண்டுவர அவர் வழி செய்தார். தௌலதாபாத்தின் அதே கல், அதே வானம்தான். அவரது ஊர் 400 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

இனி யாரையாவது 'துக்ளக்' என்று சொல்லுமுன் நான் சற்று யோசிப்பேன். அங்கே போகும் அன்பர்கள் எல்லோராவோடு திரும்பிவிடாமல், இந்த இரண்டு இடங்களையும் அவசியம் பார்த்து வாருங்கள்.