மதிப்பெண்ணிலிருந்து பட்டியலுக்கு: அமெரிக்கக் கல்லூரித் தடகளத்தில் ஏப்ரல் முடிவுகளின் வரலாறு

1996 ஏப்ரல் 13. டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கு எல்லையில் உள்ள எல் பாசோ நகரம். பார்படாஸ் நாட்டிலிருந்து வந்து அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒபடேலே தாம்ப்சன் 100 மீட்டரை 9.69 வினாடியில் ஓடி முடித்தார். உலக சாதனை அப்போது 9.85. ஆனால் முதுகுப்புறமிருந்து வீசிய காற்றின் வேகம் நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டியிருந்தது. விதி அனுமதிப்பது 2.0 மீட்டர்தான். அதனால் அந்த ஓட்டம் சாதனை ஏடுகளில் ஏறவில்லை. முடிவுத்தாளில் நேரத்தின் பக்கத்தில் காற்றைக் குறிக்கும் ஓர் எழுத்தோடு அது நின்றுபோனது. அதே 9.69 சட்டப்படியான காற்றில் ஓடப்படுவதற்கு 2008இல் பெய்ஜிங்கில் உசைன் போல்ட் வரவேண்டியிருந்தது.

அமெரிக்கக் கல்லூரித் தடகளத்தின் திறந்தவெளிப் பருவம் மார்ச் மாதக் கடைசியில் தொடங்கி ஜூனில் தேசியப் போட்டியோடு முடிகிறது. அதன் முதல் ஐந்தாறு வாரங்களில் வரும் முடிவுகளை எப்படி வாசிப்பது என்ற கேள்வி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவருகிறது. எந்தக் கல்லூரி எந்தக் கல்லூரியை வென்றது என்று ஒரு காலத்தில் பார்த்தார்கள். இன்று எந்த மாணவர் நாட்டுப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்று பார்க்கிறார்கள். இந்த மாற்றம் ஒரே நாளில் நேர்ந்ததல்ல. வானிலை, ரயில், பத்திரிகை, தகுதிச்சுற்று விதி என ஒவ்வொன்றும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு வந்தன.

தொடக்கத்தில் இருந்தது நேருக்கு நேர் மோதல். 1864இல் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் தொடங்கிவைத்த இருதரப்புப் போட்டி வடிவம் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவில் வேரூன்றியது. 1876இல் நியூயார்க் மாநிலத்தின் சரடோகாவில் கல்லூரிகள் கூடிய தடகளப் போட்டி ஒன்று நடந்தது. இருதரப்புப் போட்டியின் கணக்கு எளிமையானது: முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1, தொடரோட்டத்தில் வென்றவருக்கு 5, தோற்றவருக்கு ஒன்றுமில்லை. இந்தக் கணக்கில் நேரம் எவ்வளவு என்பது பெரிதல்ல. நல்ல ஓட்டக்காரர் ஒருவர் ஒரே பிற்பகலில் மூன்று போட்டிகளில் இறங்குவார். குண்டு எறிபவர் தன் அணிக்காக வட்டையும் எறிவார். மூன்றாமிடத்துக்கான அந்த ஒற்றை மதிப்பெண்ணில் வெற்றி தோல்வி மாறியதும் உண்டு. இடத்துக்கு மதிப்பு, அளவுக்கு இல்லை. முன்பருவ முடிவுகளின் முதல் கட்டம் இதுதான்.

இரண்டாம் கட்டத்தைத் தொடங்கிவைத்தது பிலடெல்பியா. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தடகளக் குழுவினர் தங்கள் வசந்தகாலப் போட்டிக்கு மக்களை ஈர்க்க வழி தேடினர். 1893இல் ஒரு மைல் தூரத்தை நான்கு பேர் கால் மைல் வீதம் பகிர்ந்து ஓடும் பந்தயத்தைச் சேர்த்தனர். எதிரணி பிரின்ஸ்டன். வென்றதும் பிரின்ஸ்டன்தான். மறு ஆண்டு பென்சில்வேனியா வென்றது. கூட்டம் அதை ரசித்ததால் 1895 ஏப்ரலில், ஃபிராங்க்ளின் ஃபீல்டு மைதானத்தின் திறப்போடு, தொடரோட்டங்களுக்கென்றே ஒரு நாள் ஒதுக்கினார்கள். பள்ளிகளுக்கும் அழைப்பு போனது. உடை மாற்ற அறைகள் இல்லாததால் மைதானத்தைச் சுற்றிக் கூடாரங்கள் அடித்தார்கள். பார்ப்பதற்குத் திருவிழாபோல இருந்தது. அதனாலேயே 'கார்னிவல்' என்ற பெயர் அதன் அதிகாரபூர்வப் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. கையில் கோலைக் கொடுத்து வாங்கும் வழக்கம் பின்னர் வந்தது. அன்று அடுத்த ஓட்டக்காரரைக் கையால் தொட்டால் போதும்.

பென் ரிலேஸ் என்று அறியப்படும் இந்த விழா செய்த காரியத்தின் அளவு இன்று பலருக்குப் புலப்படுவதில்லை. இரண்டு கல்லூரிகள் மோதிக்கொண்ட இடத்தில் பல கல்லூரிகள் ஒரே நாளில் கூடின. ஒட்டுமொத்த மதிப்பெண் கூட்டும் பழக்கம் அங்கே பின்னுக்குப் போனது. யார் எவ்வளவு நேரத்தில் ஓடினார்கள் என்ற ஒப்பீடு முன்னுக்கு வந்தது. ஏப்ரல் மாதக் கடைசி வாரம் நாடு முழுதும் பத்திரிகைகளில் தடகளத்துக்கென இடம் பிடித்தது இதற்குப் பிறகுதான்.

மற்றவர்கள் பின்தொடர்ந்தனர். அயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரில் 1910 ஏப்ரலில் டிரேக் ரிலேஸ் தொடங்கியது. முதல் போட்டி பனிப்புயலுக்கு நடுவே நடந்தது. 82 வீரர்கள், ஏறத்தாழ 100 பார்வையாளர்கள். கான்சாஸ் 1923இல் தன் தொடரோட்ட விழாவைத் தொடங்கியது. 1925 மார்ச்சில் ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் ரிலேஸ் பிறந்தது. அங்கே பயிற்சியாளர் கிளைட் லிட்டில்ஃபீல்டுக்கும் விளையாட்டுத் துறை இயக்குநர் தியோ பெல்மாண்டுக்கும் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது: வடக்கே தடங்களில் பனி உருகாத மார்ச் மாதத்தில் தெற்கே வெயில் அடிக்கிறது. வடக்கத்திய அணிகள் ரயிலேறி இறங்கி வந்துவிடும். கூட்டத்தைச் சேர்க்க வேறு உத்திகளும் இருந்தன. 1927இல் மெக்சிகோவின் தாராஹுமாரா பழங்குடி ஓட்டக்காரர்கள் சான் அன்டோனியோவிலிருந்து ஆஸ்டின் வரை ஏறத்தாழ 140 கிலோமீட்டர் ஓடி மைதானத்தை வந்தடைந்தனர். முதலில் வந்தவருக்கு எடுத்த நேரம் 15 மணிக்குச் சற்றுக் குறைவு.

ஆனால் தெற்கின் அந்த வெயில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. நிறப்பாகுபாட்டுச் சட்டங்கள் ஆண்ட மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்கு இந்தப் போட்டிகளின் கதவு மூடியிருந்தது. அலபாமாவின் டஸ்கேகீ கல்லூரியில் கிளீவ் அபட் 1927இல் தனி ரிலே விழாவைத் தொடங்கினார். 1929இல் பெண்களுக்கும் போட்டிகள் சேர்க்கப்பட்டன. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பெண்களுக்குத் தடகள அணியே இல்லாத காலம் அது. டஸ்கேகீயில் பயிற்சி பெற்ற ஆலிஸ் கோச்மன் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். கல்லூரித் தடகளத்தின் வசந்தகால வரலாற்றைப் பென், டிரேக், டெக்சாஸ் என்று மட்டும் அடுக்குவோர் டஸ்கேகீயை விட்டுவிட்டால் பாதி வரலாற்றைத்தான் சொல்கிறார்கள்.

தேசியப் போட்டி வந்தது 1921இல், சிகாகோவில். அதன்பிறகும் ஏப்ரல் முடிவுக்கும் தேசியப் போட்டிக்கும் இறுக்கமான இணைப்பு ஏற்படவில்லை. சிண்டர் எனப்பட்ட நிலக்கரிச் சாம்பல் தடங்கள் மழை பெய்தால் சேறாகிவிடும். நேரத்தைக் கையால்தான் எடுத்தார்கள். மூன்று ஸ்டாப்வாட்சுகளில் நடுவிலுள்ள அளவே கணக்கு. ஓரிடத்தின் நேரத்தை இன்னோரிடத்தின் நேரத்தோடு ஒப்பிட முடியாது என்று பயிற்சியாளர்கள் அனைவரும் அறிந்திருந்தனர். அந்த நம்பிக்கையின்மை நேருக்கு நேர் மோதலுக்குக் காவலாக இருந்தது என்றே சொல்லலாம்.

மெல்ல மெல்ல அந்தக் காவல் தளர்ந்தது. 1936 முதல் காற்றுக்கு வரம்பு வந்தது. 1948இல் பெர்ட் நெல்சன், கார்ட்னர் நெல்சன் சகோதரர்கள் 'டிராக் அண்ட் ஃபீல்டு நியூஸ்' இதழைத் தொடங்கினர். வாரந்தோறும் சிதறிக்கிடந்த முடிவுகள் ஒரே பட்டியலில் சேரத் தொடங்கின. 1960களில் செயற்கைத் தடங்கள் பரவின. 1976இல் கல்லூரித் தேசியப் போட்டி கஜத்தைக் கைவிட்டு மீட்டருக்கு மாறியது. 1977 முதல் குறுந்தூர ஓட்டங்களின் உலக சாதனைக்கு மின்னணு நேரம் கட்டாயமானது. அளவைகள் பொதுவானதும் ஒப்பீடு எளிதானது.

இந்த மாறுதல் காலத்தின் மறக்க முடியாத முடிவு 1978 ஏப்ரல் 8 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வந்தது. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்த கென்ய மாணவர் ஹென்றி ரோனோ, சாதாரணமான ஒரு கல்லூரிப் போட்டியில் 5,000 மீட்டரை 13 நிமிடம் 8.4 வினாடியில் ஓடினார். டிக் குவாக்ஸின் உலக சாதனை 4.5 வினாடி குறைந்தது. அன்று அவர் அங்கே இறங்கியது தன் அணிக்கு மதிப்பெண் சேர்க்க. அடுத்த மாதம் சியாட்டிலில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ், ஜூனில் வியன்னாவில் 10,000 மீட்டர், அதே மாத இறுதியில் ஆஸ்லோவில் 3,000 மீட்டர் என்று 81 நாளில் நான்கு உலக சாதனைகள். அந்த அதிசய வரிசை தொடங்கியது ஒரு முன்பருவக் கல்லூரிப் போட்டியில் என்பது அந்தப் பழைய அமைப்புக்குக் கிடைத்த பெரிய மரியாதை.

அதன்பின் இருதரப்புப் போட்டி ஏன் தேய்ந்தது? பணம் ஒரு காரணம். ஆண்களுக்கு 12.6, பெண்களுக்கு 18 என உதவித்தொகைக்கு நெடுங்காலம் வரம்பு இருந்தது. திறந்தவெளித் தேசியப் போட்டியில் ஒவ்வொரு பாலினருக்கும் 21 போட்டிப் பிரிவுகள். பன்னிரண்டரைப் பேருக்கான பணத்தை வைத்துக்கொண்டு 21 பிரிவையும் நிரப்பும் அணியைக் கட்ட முடியாது. பயிற்சியாளர்கள் வலுவுள்ள சில பிரிவுகளில் மட்டும் முதலீடு செய்தார்கள். தேசியப் போட்டியில் புள்ளி பெற அதுவே போதும். ஆனால் அப்படிப்பட்ட அணியால் இருதரப்புப் போட்டியில் வெல்ல முடியாது. ஆகவே அதைத் தவிர்த்தார்கள். பெண்களின் நிலை வேறு: 1972இல் வந்த சமவாய்ப்புச் சட்டத்துக்குப் பிறகே அவர்களுக்கு அணிகள் பெருகின, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அவர்களுக்கெனத் திறந்தவெளித் தேசியப் போட்டி நடத்தியது 1982இல்தான். இருதரப்புப் போட்டியின் பொற்காலம் அவர்களுக்கு வாய்க்கவேயில்லை.

இறுதித் தள்ளு தகுதி விதிகளிலிருந்து வந்தது. 2003இல் மண்டலச் சுற்று வந்தது. 2010இல் அது கிழக்கு, மேற்கு என்ற இரண்டு முதல்நிலைச் சுற்றுகளாக மாறியது. பெரும்பாலான பிரிவுகளில் பருவத்தின் சிறந்த அளவுகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பாதியிலும் முதல் 48 பேர் அழைக்கப்படுகிறார்கள். தொடரோட்டத்தில் 24 அணிகள். அங்கிருந்து பன்னிரண்டு பன்னிரண்டாக இறுதிப்போட்டிக்குப் போகிறார்கள். நாற்பத்தெட்டாவது பெயருக்கும் நாற்பத்தொன்பதாவது பெயருக்கும் இடையிலான நூறில் ஒரு வினாடி ஒரு மாணவரின் பருவத்தையே முடித்துவிடும். எதிரியை வெல்வதால் பட்டியலில் இடம் உயராது; அளவு நன்றாக இருந்தால் உயரும். அதனால் நல்ல அளவு எங்கே கிடைக்கும் என்று தேடிப் போவதே ஏப்ரலின் வேலையாகிவிட்டது.

நெடுந்தூர ஓட்டக்காரர்கள் கலிஃபோர்னியாவுக்குப் போகிறார்கள். குளிர்ந்த, காற்றில்லாத இரவு, விளக்கொளி, வேகத்துக்கு இழுத்துச் செல்ல ஆள், சமபலமுள்ள இருபது முப்பது பேர் ஒரே ஓட்டத்தில். 2010 வசந்தத்தில் ஸ்டான்ஃபோர்டில் அயோவா ஸ்டேட் மாணவி லீசா கோல் 10,000 மீட்டரை 31:18.07இல் ஓடிக் கல்லூரி சாதனை படைத்தார். 2024 ஏப்ரலில் ஃபுளோரிடா மாணவி பார்க்கர் வால்பி, கலிஃபோர்னியாவில் நடக்கும் பிரையன் கிளே போட்டியில், 30:50.43இல் அதை முறியடித்தார். இரண்டுமே முன்பருவத்தில் வந்தவை. ஜூன் மாதத் தேசியப் போட்டியில், வெயிலில், பதக்கத்துக்காகக் கணக்குப் போட்டு ஓடும்போது இப்படிப்பட்ட நேரங்கள் எளிதில் வருவதில்லை.

வட்டெறிபவர்கள் ஓக்லஹோமாவுக்குப் போகிறார்கள். ரமோனா என்ற சிற்றூரில் திறந்த சமவெளியில் எறிதளம் இருக்கிறது. தடுக்க மரமோ கட்டடமோ இல்லாமல் காற்று வீசும். எதிரே வரும் காற்று சரியான கோணத்தில் வட்டின் அடிப்பகுதியைத் தாங்கினால் அது கூடுதல் நேரம் மிதக்கும். 2024 ஏப்ரல் 14 அன்று பெர்க்லி மாணவரான லிதுவேனியர் மிகோலஸ் அலெக்னா அங்கே 74.35 மீட்டர் எறிந்தார். யூர்கன் ஷுல்ட் 1986இல் படைத்த 74.08 மீட்டர் சாதனை, ஏறத்தாழ 38 ஆண்டுகளுக்குப் பிறகு வீழ்ந்தது. வட்டெறிதலுக்குக் காற்று வரம்பே கிடையாது. தாம்ப்சனின் 9.69ஐ ஏட்டிலிருந்து விலக்கிய அதே வசந்தக் காற்று இங்கே உலக சாதனையாக ஏறியது. காற்று ஒன்றே என்றாலும் விதி சமமில்லை என்ற மனக்குறை ஓட்டக்காரர்களுக்கு இருந்தால் அது நியாயமே.

இந்த ஏப்ரல்களில் இந்தியாவின் பங்கும் உண்டு. வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்துக்காக 2006இல் கல்லூரித் தேசியப் பட்டம் வென்ற விகாஸ் கவுடா, படிப்பு முடிந்த பிறகு 2012 ஏப்ரலில் ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் வட்டை 66.28 மீட்டர் எறிந்து இந்தியச் சாதனை படைத்தார். டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தேஜஸ்வின் சங்கர், கான்சாஸ் ஸ்டேட் மாணவராக இருந்தபோது, 2018 ஏப்ரலில் டெக்சாஸின் லப்பக்கில் 2.29 மீட்டர் தாண்டித் தேசிய சாதனையை உயர்த்தினார். அதே ஆண்டு ஜூனில் யூஜீனில் அவருக்குக் கல்லூரித் தேசியப் பட்டத்தைக் கொடுத்தது 2.24 மீட்டர். பருவத்தின் உயர்ந்த அளவு ஏப்ரலில் வந்தது. பட்டம் அதைவிடக் குறைந்த அளவுக்குக் கிடைத்தது.

2020 மார்ச் 12 அன்று பெருந்தொற்றால் அந்தத் திறந்தவெளிப் பருவம் முழுதும் ரத்தானது. மறு ஆண்டு போட்டிகள் திரும்பியபோது பட்டியலும் அப்படியே திரும்பியது. இருதரப்புப் போட்டியை மீட்கக் கிடைத்த வாய்ப்பை யாரும் பயன்படுத்தவில்லை. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமையையாவது 5–3–1 கணக்குக்கு ஒதுக்கக் கல்லூரிகள் முன்வர வேண்டும். நாற்பத்தொன்பதாவது இடத்தில் நிற்கும் மாணவருக்கும் தன் கல்லூரிக்காக ஒரு மதிப்பெண் எடுத்துக்கொடுக்கும் உரிமை உண்டு.